இறங்கி ஏறும் இடங்கள்

சென்ற வருடம் பெரியம்மாவை அவர் பிறந்த நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொழும்பிலிருந்து வந்த இரவுப் புகையிரதம் விடியமுன் எங்களை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பேருந்து நிலையம் ஒரு கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு இரண்டு பைகளுடன் இருட்டில் அது நடக்கக்கூடிய தூரம் அன்று. ஓட்டோ பிடித்துப் போய், முதற் பேருந்துக்குக் காத்திருந்து, தீவுகளுக்குப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கியபோது படகு கயிறு எறிந்தால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. புகையிரதம் நேரத்துக்கு வந்தது, பேருந்து நேரத்துக்குப் புறப்பட்டது, படகும் தன் நேரத்துக்கே வெளிக்கிட்டது. "இது ஆரைக் கேட்டு வெளிக்கிடுது, தம்பி?" என்று பெரியம்மா கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லை. புகையிரதத் திணைக்களமும், அரச பேருந்துகளை ஓட்டும் இலங்கைப் போக்குவரத்துச் சபையும் மத்திய அரசின் கீழ் உள்ளவை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பேருந்துகளுக்கு வழித்தட அனுமதி கொடுப்பது மாகாண அதிகார சபை. 'ஏ', 'பி' தர வீதிகளைப் பராமரிப்பது வீதி அபிவிருத்தி அதிகார சபை, 'சி', 'டி' தர வீதிகளுக்கு மாகாணத் திணைக்களம், அதற்கும் கீழே உள்ள ஒழுங்கைகளுக்கு யாழ்ப்பாண மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்கள். விமான நிலையமும் துறைமுகமும் வேறு. இவற்றில் பலவற்றை ஒரு மேசையில் கூட்டியிருக்கக்கூடிய வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. நகரில் நெடுந்தூரப் பேருந்துகளுக்கெனப் புதிய நிலையம் ஒன்று 2021இல் திறக்கப்பட்ட பின்பும், அரச பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரசூசியில் புறப்படுவது பற்றிய இழுபறி தீரவில்லை.

போருக்குப் பின் நமக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. சங்குப்பிட்டிப் பாலம் 2011இலும், யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் 2014இலும், காங்கேசன்துறை வரையான சேவை 2015இலும், பலாலி சர்வதேச விமான நிலையம் 2019இலும், நாகபட்டினக் கப்பல் 2023இலும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நாடா வெட்டினார்கள். ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் இடத்தைத்தான் எவரும் தம்முடையதாக எண்ணவில்லை.

அமெரிக்காவில் ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரப் பகுதிகளில், தொடர்ச்சியான, முழுமையான, கூட்டான திட்டமிடல் நடந்தாலொழிய வீதிகளுக்கு மத்திய நிதி இல்லை என்று 1962இலேயே சட்டம் செய்தார்கள். அங்கே கவுண்டிகளும் நகரசபைகளும் கூடித் தயாரிக்கும் போக்குவரத்துத் திட்டம் குறைந்தது 20 ஆண்டுகளை முன்நோக்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தி எழுதவும் வேண்டும். எனக்குப் பிடித்த விதி 1991இல் வந்தது: பணம் வரும் வழியைக் காட்ட முடியாத வேலையைத் திட்டத்தில் சேர்க்கக்கூடாது. இந்த விதி இங்கே இருந்தால் நம் திட்ட அறிக்கைகள் பாதியாக மெலிந்துவிடும், அது நல்லதுதான். அமெரிக்கர்கள் தம் நகரங்களைக் காருக்குத் தாரைவார்த்ததும் இதே சட்டங்களின் கீழ்தான் என்பதையும் மறக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அவர்களுடைய வீதிகளை அன்று, அந்த மேசையை.

நீண்டகாலத் திட்டம் என்றால் என்ன என்பதை நமக்குக் காட்டித் தந்தது புகையிரதப் பாதைதான். 1990இல் வண்டி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை நெடுக நாயுண்ணியும் எருக்கலையும் மண்டின. சில இடங்களில் ஆட்கள் குடிசை போட்டு இருந்தார்கள். ஆயினும் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் ஊடாக நெருக்கமான குடிமனைகளைக் கிழித்துச் செல்லும் அந்த ஒடுங்கிய நிலத்துண்டு அரச நிலமாகவே எஞ்சியது. நூற்றாண்டுக்கு முன் ஒதுக்கிய அந்த நிலம் இருந்தபடியால்தான் 24 ஆண்டுகள் கழித்தும் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கும், அடுத்த ஆண்டு காங்கேசன்துறைக்கும் திரும்ப முடிந்தது. பரப்புக் காணி விலை போகிற போக்கில், இன்று அதே பாதையைப் புதிதாக வெட்ட எந்த அரசாலும் இயலாது.

ஆகையால் முதலில் ஒதுக்க வேண்டியது நிலம்: புகையிரத நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே நிழலுள்ள நடைபாதைக்கு, காங்கேசன்துறையில் தண்டவாளம் முடியும் இடத்திலிருந்து துறைமுகம் வரையான துண்டுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் சைக்கிளில் போகும் வீதிகளின் ஓரத்துக்கு. காப்பெற் போட்டு அகலித்த வீதிகளில் வேகம் கூடியது. சைக்கிளுக்கு எஞ்சியது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் அளவு. தீவகத்துக்கு நிலம்கூடத் தேவையில்லை. இரவுப் புகையிரதம், குறிகட்டுவான் பேருந்து, நெடுந்தீவுப் படகு ஆகிய மூன்றினதும் நேரசூசிகளை ஒரே தாளில் எழுதி, படகை அரை மணித்தியாலம் பிந்தி விடுவது குறித்து மூன்று தரப்பும் பேச வேண்டும்.

அன்று அடுத்த படகு வரும்வரை இறங்குதுறையில் இருந்தோம். நயினாதீவுப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தன. பெரியம்மா பைகளில் ஒன்றைத் தலைக்கு வைத்துச் சற்று நேரம் படுத்தார்.