ஹூஜான்

அம்மாவின் பச்சைச் சுங்குடிச் சேலை பதினோராவது மாடியிலிருந்து பறந்து போனது, நாங்கள் சிங்கப்பூர் வந்த நான்காவது வாரத்தில்.

தோ பாயோவில் பழைய வீவக புளோக், அதாவது அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே, சுவரில் வரிசையாகக் குழாய்த் துளைகள் இருக்கும். துணிகளை மூங்கில் கழியில் கோத்து, கிளிப் போட்டு, கழியை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, கைப்பக்கத்து முனையை அந்தத் துளைக்குள் செருக வேண்டும். ஈரத்துணியின் பாரம் முழுக்கக் கழியின் அந்தக் கோடியில் இழுக்கும். கீழே ஆட்கள் நடந்து போவது எறும்பு மாதிரி தெரியும். கழி நழுவி யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே எனக்குக் கை நடுங்கும். உயரத்திலிருந்து பொருள் விழுந்து யாருக்காவது ஆபத்து என்றால் இங்கே அபராதத்தோடு போகாது, சிறையும் உண்டு.

அன்று விடியற்காலையில் காற்று அடித்தது. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து கடலைத் தாண்டி வருவதால் அந்தப் புயல்மழைக்கே 'சுமத்ரா' என்றுதான் இங்கே பெயர். நான் எழுந்து ஓடுவதற்குள் சேலையைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். நாலைந்து மாடிக்குக் கீழே, யாருடைய கழியிலோ சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. கீழே போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம். ஆனால் யார் வீடு, என்ன பாஷை, இந்நேரத்தில் தட்டினால் என்ன நினைப்பார்கள்? போகவில்லை. ஜன்னலோரம் நின்று அழுதேன்.

மேலூரில் இதற்கெல்லாம் யோசித்ததே இல்லை. மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியை விரித்து அம்மா வடகம் பிழிந்து வைப்பார். கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றபடியே, "அக்கா, வடகம் காயுது, மழை வந்தா எடுத்துருங்க" என்று எதிர்வீட்டுக்கு ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான். மழை வந்தால் எதிர்வீட்டு அக்கா நம் வீட்டு மாடியில் நிற்பார். வீட்டுச்சாவி எங்கள் இடுப்பில் இருந்ததைவிட அந்த அக்கா வீட்டு ஆணியில் தொங்கிய நேரம்தான் அதிகம். பதினோரு மாடி உயரம்கூட எனக்குப் பழகியிருக்கும். அப்படிக் குரல் கொடுக்க ஒரு வீடு இல்லாததுதான் பயமாக இருந்தது.

அன்று மதியம் சேலை எங்கள் கம்பிக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பையில் தொங்கியது. மடிப்புக் கலையாமல், நான்காக மடித்து. கொண்டு வந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பச்சைப் பருத்திச் சேலை என்றதும் எந்த வீடாக இருக்கும் என்று மாடி மாடியாகத் தேடியிருப்பார்கள் போல.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வந்தார். நான் ஜன்னலில் நின்றதை அவருடைய அடுப்படியிலிருந்து பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்த கழியை வாங்கி, துணியின் நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று என்று கிளிப் போட்டுக் காட்டினார். கழியை இடுப்பில் அண்டக் கொடுத்துத் தள்ளச் சொன்னார். ஹொக்கியன் என்ற சீன மொழியும் சந்தை மலாயும் கலந்த பேச்சு அவருடையது. தோ பாயோ என்ற பெயரே அப்படித்தான்: 'தோ' ஹொக்கியனில் பெரிய, 'பாயோ' சதுப்பு நிலத்துக்கான மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது.

என் மகள் அவரை 'ஆ மா' என்று கூப்பிடப் பழகினாள். ஹொக்கியனில் பாட்டி. அவள் வாயில் அது 'ஆமா' ஆகிவிட்டது. அவள் "ஆமா!" என்று கத்தும்போதெல்லாம் யாருக்கோ எதற்கோ சம்மதம் சொல்வதுபோல எனக்குக் கேட்கும்.

இந்த ஊரில் வருடத்துக்கு ஏறக்குறைய 170 நாள் மழை. வானம் இருட்டியதும் நடைபாதை முழுக்கக் கேட்கும்படி ஆமா "ஹூஜான்! ஹூஜான்!" என்று குரல் கொடுப்பார். "ஹூஜான் யாரும்மா?" என்று கேட்டாள் மகள். வலப்பக்கத்து மலாய் அக்காதான் சிரித்துக்கொண்டே சொன்னார், மழைக்கு மலாயில் ஹூஜான் என்று. ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தாரும் கலந்திருக்க வேண்டும் என்று 1989இல் விதி வந்தது. எனக்கு இடப்பக்கம் ஆமாவும் வலப்பக்கம் மலாய் அக்காவும் கிடைத்தது அதனால்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனாலும் சாவியைக் கொடுக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பாலர் பள்ளியிலிருந்து, மகள் விழுந்து தாடையில் அடிபட்டுவிட்டாள் என்று போன். கழி நிறையத் துணி, வானம் கறுத்து நிற்கிறது. செருப்பை மாட்டும்போதே ஆமாவின் உள்ளங்கையில் சாவியை வைத்துவிட்டு லிஃப்டுக்கு ஓடினேன். மூன்று தையல். இரவு வீடு திரும்பியபோது சோபாவில் எல்லாத் துணியும் மடித்திருந்தது. என் கணவரின் லுங்கி, மகளின் சீருடை, என் உள்ளாடைகள் உட்பட. வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. சாவியை நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஆறு வருடமாகிறது. பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். கழி நீட்டக் கை நடுங்குவதில்லை. ஆனால் முதல் தூறலின் மண்வாசம் இத்தனை மாடி ஏறி வரும்போது, மேலூர் மாடியில் வேட்டியின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அம்மா ஓடி வருவதுதான் கண்ணில் வருகிறது. எதிர்வீட்டு அக்கா மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா வடகம் போடுவதை விட்டுவிட்டார்.

ஆமாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. போன வாரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கையில் இருட்டிக்கொண்டு வந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு ஓடி, பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவில் நின்று, "ஆமா! ஹூஜான்!" என்று கத்தினேன். உள்ளே போய்க் கழிகளை இழுத்துப் போட்டுவிட்டு வந்தால், அம்மா இன்னும் லைனில் இருந்தார்.

"மழையா? எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சும்மா."

"அந்தம்மா துணியையும்?"