தண்டச்சோறு

எங்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கிய மாணவிகளுக்கு ‘ஜேன் ஐர்’ பாடம். வகுப்பில் பெரும்பாலும் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். 1847-இல் வெளிவந்த நாவலின் நீண்ட வாக்கியங்களைக் கண்டதும் மிரண்டுவிடுவார்கள். அதனால் கதையைத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கச் சொல்வேன்.

முதல் வருடம், “அம்மா அப்பா இல்லாத 10 வயசுப் பொண்ணு, ஆன்ட்டி வீட்டுல வளர்றா” என்று ஆரம்பித்தேன். “எந்த ஆன்ட்டி மேம்? சித்தியா, அத்தையா?” என்றாள் ஒருத்தி. அதுவரை நான் யோசித்ததே இல்லை. புரட்டிப் பார்த்தால், அந்த திருமதி ரீடின் இறந்துபோன கணவர் ஜேனுடைய அம்மாவின் கூடப்பிறந்தவர். தாய்மாமன்! வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. சாகும்போது ‘நம்ம பிள்ளைகளோட ஒருத்தியா வளர்க்கணும்’ என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியவர் அவர். ஜேனை அடைத்துவைக்கும் சிவப்பு அறை அவர் உயிர் விட்ட அறை. அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

(எழுதிய சார்லட் பிராண்டியும் 1821-இல், 5 வயதில் தாயை இழந்தவர். அவரை வளர்க்க வந்த பெரியம்மா கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார்.)

அத்தை மகன் ஜானுக்கு வயது 14. அவன் ஜேனை ‘டிபென்டன்ட்’ என்று ஏசுகிறான். கரும்பலகையில் ‘சார்ந்திருப்பவள்’ என்று எழுதினேன். அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண், “தண்டச்சோறு, மேம்” என்றாள். அடுத்த அத்தியாயத்தில் பணிப்பெண்ணும் அதைத்தான் சொல்கிறாள்: நீ வேலைக்காரிக்கும் கீழே, தின்கிற சோற்றுக்கு ஒரு வேலையும் செய்வதில்லை. நான் எழுதியதை அழித்துவிட்டு அவள் சொல்லை எழுதினேன். அவள் பலகையைப் பார்க்கவில்லை. புத்தக முனையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளும் மாமா வீட்டில் வளர்கிறவள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சில நாள் கழித்து ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

“அந்த அத்தைக்கு ஜேன் மேல ஏன் மேம் அவ்ளோ வெறுப்பு?”

21-ஆம் அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தேன். சாகக் கிடக்கும் அத்தை தன் வாயாலேயே சொல்கிற இடம். ஜேனின் அம்மா அவள் கணவருக்கு ஒரே சகோதரி, ரொம்பச் செல்லம். அந்த நாத்தனாரை அவளுக்கு எப்போதுமே பிடிக்காது. கைக்குழந்தையைக் கண்ட முதல் பார்வையிலேயே வெறுத்துவிட்டாள்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். மணி அடித்தும் போகவில்லை.

“அப்போ ஜேன் எதுவும் பண்ணலல்ல மேம்?”

“எதுவுமே பண்ணலம்மா.”

மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.