கப்பலை விட்டு இறங்கி வரும் அம்மன்

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். நான் நாகசாகி போகப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஊர்ல கடலுக்குன்னு சாமி இருக்கா? இருந்தா தம்பி பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டு வா."

இருக்கிறாள். மாஸோ என்று பெயர்.

நாகசாகி என்றாலே நமக்கு 1945 ஆகஸ்ட் 9தான் நினைவுக்கு வரும். குண்டு விழுந்தது வடக்கே உராகாமி பள்ளத்தாக்கில். நடுவே மலைகள் மறைத்து நின்றதால், கஸகஷிரா மலையடிவாரத்துக் கோயில்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. அந்த அடிவாரத் தெருவின் பெயர் தெராமாச்சி. கோயில் தெரு என்றே பொருள். ஒரு பக்கம் வீடுகளும் சிறு கடைகளும், மறுபக்கம் பாசி படிந்த கல்மதில்களும் கோயில் வாசல்களும். காலை எட்டரை மணிக்கு வாசல் பெருக்கும் துடைப்பச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

வடகோடியில் கோஃபுகுஜி. 1620களில் சீன வணிகர்கள் எழுப்பிய கோயில். ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. தாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்தது. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் இத்தனை அழகாகக் கட்டியிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் நன்றி அந்தத் தூண்களில் தெரிகிறது.

அங்கிருந்து மதிலை ஒட்டியே நடந்து தென்கோடியில் இருக்கும் சோஃபுகுஜிக்குப் போனேன். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து மக்கள் 1629இல் தொடங்கிய கோயில் இது. கீழ்வாசல் செக்கச் செவேலென்று இருக்கிறது. படியேறினால் இன்னொரு வாசல். இதன் மரங்களைச் சீனாவின் நிங்போவில் இழைத்துச் செதுக்கி, கப்பலில் ஏற்றி வந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். கூரையின் அடியில் பச்சையும் நீலமும் சிவப்புமாகத் தாங்குகட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதைக் கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். 1646இல் கட்டிய பெரிய மண்டபத்தில் சாக்கியமுனி புத்தர். இந்தச் சிலையைப் பழுதுபார்த்தபோது உள்ளே வெள்ளியாலும் துணியாலும் செய்த உடலுறுப்புகள் இருந்தனவாம். யார் கண்ணிலும் படாத இடத்தில்கூடக் குறை வைக்காமல் செய்திருக்கிறார்கள்! அதை நினைத்ததும் கை தானாகக் குவிந்தது.

அதையும் தாண்டித்தான் மாஸோ சன்னதி. பத்தாம் நூற்றாண்டில் ஃபூஜியான் கடற்கரையில் பிறந்த பெண், பிறகு கடலோடிகளின் தெய்வமானவள். இரு பக்கமும் இரண்டு காவலர்கள். ஆயிரம் காதம் பார்க்கிற கண் ஒருவனுக்கு, காற்றில் வரும் எந்தக் குரலையும் கேட்கிற காது இன்னொருவனுக்கு. அந்தக் காலத்தில் சீனக் கப்பல்கள் ஒவ்வொன்றிலும் மாஸோ சிலை இருக்கும். கப்பல் நாகசாகியில் நங்கூரம் போட்டதும் மாலுமிகள் அவளை இறக்கி, வாத்தியம் முழங்க ஊர்வலமாக இந்தச் சீனக் கோயில்களுக்குக் கொண்டுவருவார்கள். கப்பல் திரும்பக் கிளம்பும்வரை இங்கேதான் இருப்பாள். பிள்ளைகளோடு வந்து, பிள்ளைகள் கரையில் இருக்கிறவரை தானும் கரையில் இருந்து, அவர்களோடேயே புறப்படுகிற தாய். சன்னதி வாசலில் நின்று தம்பி பெயரைச் சொன்னேன். அவனுடைய கப்பலின் பெயரையும் சொன்னேன். காற்றில் வரும் குரலைக் கேட்கிறவன் பக்கத்திலேயே நிற்கிறானே, சத்தமாகச் சொல்லத் தேவைப்படவில்லை.

அப்புறம் அந்தக் கொப்பரை. திரும்பி வரும் வழியில் சன்னதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏறக்குறைய ஆள் உயர இரும்புக் கொப்பரை, வாய் அகலமும் அதே அளவுக்கு. 1680களின் தொடக்கத்தில் கடும் பஞ்சம். அப்போது தலைமைத் துறவியாக இருந்த செங்காய் ஊரெல்லாம் பிச்சை எடுத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். இருந்த பாத்திரங்கள் போதவில்லை. 1682இல் இந்தக் கொப்பரையை வார்க்கச் செய்தார். ஒரே உலையில் 600 கிலோவுக்கு மேல் அரிசி வேகுமாம். கஞ்சித்தொட்டி என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்ன வார்த்தைக்கு நான் பார்த்த முதல் உருவம் இதுதான். துருவேறிய விளிம்பில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. கர்ப்பகிரகத்தின் முன் நிற்கும்போது வருகிற அதே அமைதி.

வந்த வழியே பாதி தூரம் நடந்து, தாயோன்ஜி, கோதாய்ஜி என்ற இரண்டு கோயில்களுக்கு நடுவே மேலேறும் சந்தில் திரும்பினேன். ஹெய்ஃபுரி-சகா என்று பெயர். சகா என்றால் மேட்டுத்தெரு. இந்த ஊரின் சுவா என்ற ஷிண்டோ ஆலயத்தின் தோரண வாசலுக்கு இந்த மலையிலிருந்து கல் வெட்டி இழுத்தபோது, முன்னால் நின்றவர் பூசைக்குரிய காகிதக் கொடியை ஆட்டி ஆட்டி ஆட்களுக்கு உற்சாகம் கொடுத்தாராம். அதனால் வந்த பெயர். வண்டி ஏற முடியாத கற்படிகள், இரு பக்கமும் மலைச்சரிவு முழுக்கக் கல்லறைகள். எழுத்துகளுக்குப் பொன்முலாம் பூசியிருப்பதால் வெயிலில் மின்னுகின்றன. பல கல்லறைகளின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கல். அதில் இரண்டே எழுத்து: மண், தெய்வம். சீனர்களிடமிருந்து வந்த வழக்கம்.

பாதி ஏறியதும் மூச்சு வாங்க நின்றேன். ஒரு பாட்டி தன் வீட்டுக் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தார். பூவை மாற்றினார், ஊதுவத்தி ஏற்றினார், பிறகு மறக்காமல் அந்தச் சின்னக் கல்லுக்கும் ஒரு ஊதுவத்தி. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் அது என்ன என்று கேட்டேன். "த்சுசிகாமி-சமா" என்றார். பிறகு குனிந்து தரையைத் தட்டிக் காட்டினார். இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் இங்கே படுத்திருக்கிறார்கள் என்பதுபோல ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

வாளியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. மரக்கரண்டியில் மொண்டு என்னிடம் நீட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி அந்தக் கல்லின் தலையில் ஊற்றினேன். கீழே, வீட்டுக் கூரைகளுக்கு அப்பால், துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது.