பிர்பிரைட்டின் பழைய குழாய்

எங்கே புயல் அடித்தாலும், வெள்ளம் வந்தாலும், இரண்டாவது நாள் ஒரு பேச்சு கிளம்பிவிடும். அங்கே கிருமி ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறதாமே, அதெல்லாம் வெளியே வந்திருக்குமோ? 2008ல் ஐக் புயல் டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவைத் தாக்கியபோதும் இதே பயம்தான். எபோலா மாதிரி கிருமிகளைக் கையாளும் உச்சகட்டப் பாதுகாப்புக் கூடம் அந்தத் தீவில் இருக்கிறது, 1900ல் அதே தீவில் புயலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் செத்திருக்கிறார்கள், பயப்படாமல் என்ன செய்வார்கள்? ஆனால் ஐக் புயலில் அங்கிருந்து எந்தக் கிருமியும் வெளியே வரவில்லை. புயல் வருவது முன்கூட்டியே தெரியும், வேலையை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போக அவகாசம் இருந்தது.

என்னை உறுத்துவது இங்கிலாந்தில், சர்ரே மாவட்டத்துப் பிர்பிரைட்டில் நடந்தது. அங்கே ஒரே வளாகத்தில் கால்நடை நோய் ஆராய்ச்சி நிலையமும், தடுப்பூசி தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றும் இருந்தன. இரண்டு இடத்திலும் கோமாரி வைரஸ் உண்டு. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் பேய்மழை, பல ஊர்களில் வெள்ளம். ஆகஸ்ட் 3ஆம் தேதி, சில கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் மாடுகளுக்குக் கோமாரி என்று உறுதியானது. பரிசோதித்தால் அது 1967ல் எடுத்துப் பாதுகாத்து வைத்த ரகம், அப்போது வெளியில் எங்கேயும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

சுவர் எதுவும் இடியவில்லை. கழிவுநீரை முதலில் ஒரு தடவை சுத்திகரித்துக் குழாயில் விடுவார்கள், வளாகத்தின் இன்னொரு பக்கத்தில் கடைசிச் சுத்திகரிப்பு. இரண்டுக்கும் நடுவில் போகும் குழாய் பழையது, மரவேர் உள்ளே புகுந்து விரிசல் விட்டது, ஆள் இறங்கும் குழிகளும் சரியாக மூடப்படாதவை. அந்த மழையில் கிருமி கலந்த கழிவுநீர் பொங்கி மண்ணில் கலந்து, கட்டட வேலைக்கு வந்துபோன லாரிகளின் சக்கரத்தில் ஒட்டிச் சாலைக்கு வந்திருக்க வேண்டும் என்றுதான் விசாரணை சொன்னது. இதில் எனக்குத் தாங்காதது ஒன்று உண்டு. குழாய் மோசம் என்று பல வருஷமாகவே தெரியும், செலவை யார் ஏற்பது என்று பேசிப் பேசியே தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

மனுஷனுக்கு வராத நோய்தானே என்று சிலர் சொல்வார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டு மாட்டுக்குக் கோமாரி வந்து பார்த்திருக்கிறேன். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரை வரைக்கும் தொங்கும், நாக்கெல்லாம் புண், குளம்பு நடுவில் புண், புல்லை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள், அது பிழைத்தது. இங்கிலாந்தில் அப்படிப் பார்த்துக்கொள்ள விடமாட்டார்கள், நோய் வந்த பண்ணையில் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள். 2001ல் இதே நோய்க்கு அறுபது லட்சத்துக்கும் மேல் கால்நடைகளைக் கொன்ற நாடு அது, 2007லும் அந்தப் பண்ணைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போதெல்லாம் மழைக்காலத்தில் யாராவது ஆராய்ச்சிக்கூடம் பற்றிப் பயந்து பேசினால், அந்தப் பயத்தை நான் தட்டிக்கழிப்பதில்லை. கட்டடம் தாங்குமா என்பதோடு சேர்த்துக் கழிவுநீர் எந்த வழியாகப் போகிறது, அந்தக் குழாயை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கேளுங்கள் என்கிறேன்.

பிர்பிரைட் விஷயத்தில் செப்டம்பர் தொடக்கத்தில் எல்லாம் அடங்கியது என்று கட்டுப்பாடுகளை எடுத்தார்கள். சில நாட்களிலேயே அதே சர்ரேயில், எகாம் என்ற ஊர்ப் பக்கத்தில் மறுபடி வந்துவிட்டது. கடைசியில் எட்டு இடங்களில் நோய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் போயின.