பழைய பென்டகான், நிலா, நாரை

5 ஜனவரி 2025, ஞாயிறு
சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து பென்டகான் 200 எம்எம் எஃப்/4 லென்ஸ் இறங்கி வந்தது. கிழக்கு ஜெர்மனிச் சரக்கு. டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்கண்ணாடி ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை, நகக்கண் அளவுதான். "அதைப் பிரிச்சுக் கிரிச்சு வைக்காதே" என்றார் சித்தப்பா. பிரிக்கவில்லை. ஒளி புகும் துளையைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் வளையத்தைத் திருகத் திருக 15 தகடுகளும் வட்டம் குலையாமல் சுருங்குகின்றன. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் காபி ஆறிப்போயிற்று.

9 ஜனவரி, வியாழன்
பழைய லென்ஸைக் கேமராவில் மாட்டும் அடாப்டர் வந்தது. உள்ளே கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் உலோகக் குழாய். இது எம்42 என்ற பழைய திருகு வகை லென்ஸ், சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். என் சோனி ஏ6500 கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய் 18 மி.மீ.யிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் 27.46-ஐ நிரப்பத்தான் இந்தக் குழாய். மாட்டி ஷட்டரை அழுத்தினால் அசைய மாட்டேன் என்றது. லென்ஸ் இல்லாவிட்டாலும் இயங்கச் சொல்லும் அமைப்பை மெனுவில் தேடிப் பிடித்ததும் சரியாயிற்று. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் காகம், நல்ல கூர்மை.

12 ஜனவரி, ஞாயிறு
நாளை பௌர்ணமி. மொட்டை மாடிக்குப் போனேன். ஃபோகஸ் வளையம் வெகுதொலைவுக்கான முடிவிலிக் குறியில் முட்டி நிற்கிறது, நிலாவோ பஞ்சுருண்டை. லென்ஸைத் திட்டிவிட்டு, அப்புறம்தான் கணக்குப் போட்டேன். குழாய் 0.2 மி.மீ. கூடுதலாக இருந்தாலே போதும், 200 எம்எம் லென்ஸுக்கு 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் கூராக விழாது. காகம் சிக்கியதும் நிலா நழுவியதும் அதனால்தான். வேறு அடாப்டர் வாங்க வேண்டும், தண்டச் செலவு.

18 ஜனவரி, சனி
புதுக் குழாய் இம்மி குட்டை. முட்டிய இடத்திலிருந்து மயிரிழை பின்னால் திருப்பினால் முடிவிலி கிடைக்கிறது. இது தேவலை.

காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சங்குவளை நாரைகள் நிறைய. கூராக விழும் விளிம்புகளைத் திரையில் காட்டும் பீக்கிங்கின் சிவப்புக் கோடுகளை நம்பினால் கோரைக்கும் நாரைக்கும் சேர்த்தே மினுங்குகிறது. நாரையின் கண்ணைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வளையத்தைத் திருக வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டும், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் லேசாக ஆடியிருக்கிறது. கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பில் போன மாதம் மாட்டிய லென்ஸின் 58 எம்எம் அப்படியே இருந்திருக்கிறது! பழைய லென்ஸ் தன் குவியத் தூரத்தைக் கேமராவிடம் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும். மறந்தவன் நான்.

19 ஜனவரி, ஞாயிறு
200 என்று மாற்றிக்கொண்டு மறுபடி போனேன். அப்பர்ச்சர் எஃப்/5.6, ஷட்டர் 1/800 நொடி. பறக்கிற நாரையைத் துரத்துவதை விட்டாயிற்று, கையால் ஃபோகஸ் செய்து அதைப் பிடிக்க என்னால் ஆகாது. ஒரு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீரில் துழாவியபடி வந்தது. அது வரப்போகிற இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். 43 படத்தில் தேறியது ஒன்று. வெள்ளை இறகின் விளிம்பில் ஊதாக் கோடு ஓடுகிறது, பழைய கண்ணாடிகளில் இது சகஜம். அலகு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பூஞ்சை தெரியலையே" என்று மட்டும் பதில் வந்தது.