கிலோட்டோவா ஏற்றமும் கலாபகோஸ் கரையும்

இறங்க அரை மணி நேரம்தான். திரும்பி ஏற எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

ஈக்வடாரின் ஆண்டீஸ் மலையில், கிலோட்டோவா எரிமலை வாய்க்குள் ஒரு பச்சை ஏரி இருக்கிறது. விளிம்பு கிட்டத்தட்ட 3,900 மீட்டர் உயரம். ஏரி அங்கிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் கீழே. வழியெல்லாம் பொடி மணல். இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும்.

முதலில் மலை, அப்புறம் பசிபிக் கடலில் இருக்கும் கலாபகோஸ் தீவுகள் என்று வழிகாட்டியோடு போன பயணம். முதல் இரண்டு நாள் தலைநகர் குயிட்டோவை விட்டு எங்களை நகரவிடவே இல்லை. நடக்க வந்துவிட்டுத் தெருவைச் சுற்றுகிறோமே என்று எனக்கு எரிச்சல். ஆனால் அந்த ஊரே 2,850 மீட்டரில் இருக்கிறது, ஹோட்டல் மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடத்தது. உயரத்துக்கு உடம்பைப் பழக்கத்தான் அந்த இரண்டு நாள் என்பது கிலோட்டோவாவில்தான் உறைத்தது.

ஏற்றத்தில் விறுவிறுவென்று கிளம்பினேன். பத்தே நிமிடத்தில் தலை விண்விண்ணென்று தெறித்தது, குமட்டியது. வழிகாட்டி எனக்கு முன்னால் வந்து, "போக்கோ அ போக்கோ" என்றார். ஸ்பானிஷில் 'கொஞ்சம் கொஞ்சமாக'. அடிக்கு ஒரு மூச்சு. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை வாடகைக்குக் கிடைக்கும். எங்களில் ஒருவர் அதில்தான் வந்தார், அதில் தப்பே இல்லை. மேலே வந்ததும் ஒரு கிண்ணம் லோக்ரோ தந்தார்கள். உருளைக்கிழங்கும் சீஸும் கரைந்த கெட்டி சூப், அதன்மேல் அவகாடோ. அப்படி ஒரு பசியில் நான் சாப்பிட்டதே இல்லை.

சில நாள் கழித்து கோட்டோபாக்சி எரிமலையில், 4,800 மீட்டருக்கும் மேலே இருக்கும் மலையேறிகள் விடுதிவரை அதே நடையில் போய் வந்தேன். தலைவலி எட்டிப் பார்க்கவில்லை.

தீவுக்குப் போவதற்கு முந்தின நாள் இரவு, ஷூ அடியில் ஒட்டியிருந்த மலை மண்ணைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். மண்ணோடு ஒரு விதை போனாலும் தீவுக்கு ஆபத்து. குயிட்டோ விமான நிலையத்திலேயே பெட்டியைச் சோதித்து, சீல் வைத்துத்தான் விடுகிறார்கள். அங்கேயே 20 டாலர் கொடுத்துத் தீவுக்கான பயண அட்டை வாங்க வேண்டும். தீவில் இறங்கியதும் பூங்காக் கட்டணம். 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 200 டாலர். ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சான்டா குரூஸ் தீவின் மேட்டுப்பகுதியில், வெளியிலிருந்து வந்த மோரா முட்செடி உள்ளூர்ச் செடிகளை மூடிப் படர்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பல் பிரஷ் வேலை எனக்குப் பெரிதாகப் பட்டது.

கரையில் கடல் உடும்புகள் கருங்கல்லோடு கல்லாகக் கிடந்தன. குனிந்து பார்த்தால் தலையில் வெள்ளைப் பொடி. கடற்பாசி மேயும்போது உள்ளே போகும் உப்பை மூக்கு வழியாகப் பீச்சியடிக்கின்றன. அது தலையிலேயே விழுந்து காய்ந்துவிடுகிறது.

விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு கடல்சிங்கக் குட்டி என்னை நோக்கியே வந்தது. நான் பின்வாங்கினேன், அது விடவில்லை. முழங்கால் தண்ணீருக்குள் போய் நின்றேன். கரையில் கழற்றி வைத்திருந்த ஷூவை அது மோந்து பார்த்தது. அப்புறம் அதன்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.