கன்னி மூலையிலிருந்து வரும் காற்று

ஏப்ரல் பிறந்தால் எங்கள் ஊரில் எல்லோர் கண்ணும் தென்மேற்கில்தான் இருக்கும். ஊர் நார்மன், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில். மளிகைக் கடை வாசலில் காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருப்பவர், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக வந்து நிற்பவர், யாராக இருந்தாலும் ஒரு தடவை அந்தப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அங்கே வெளுத்திருந்தால் சரி. கறுத்திருந்தால் உடனே போனை எடுத்து ரேடார். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் கன்னி மூலை என்று சொல்வார்களே, அந்த மூலை. டொர்னாடோ இங்கே கன்னி மூலையில் கிளம்பி ஈசானி மூலையைப் பார்த்துப் போகும், பெரும்பாலும்.

அந்தப் 'பெரும்பாலும்' பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் செய்திகளில் டொர்னாடோவையும் சூறாவளி என்கிறார்கள், வங்கக் கடல் புயலையும் சூறாவளி என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. புயல் என்பது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் இருக்கும். டொர்னாடோ ஒரே ஒரு இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்குகிற சுழல், பெரும்பாலும் சில நூறு மீட்டர்கூட இருக்காது, பல டொர்னாடோக்கள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் இங்கே டொர்னாடோ என்றே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு, டொர்னாடோ 44-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு வரும் என்று. அந்தச் சாலை டெக்சாஸின் விசிட்டா ஃபால்ஸில் தொடங்கி லாட்டன், ஓக்லஹோமா சிட்டி, டல்சா, ஜாப்ளின் என்று வடகிழக்காக ஏறி செயின்ட் லூயிஸ் வரை போகிறது. 1999 மே 3 அன்று பிரிட்ஜ் கிரீக், மூர் ஊர்களை அழித்த டொர்னாடோ கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் தரையிலேயே வந்தது, அதில் ஒரு பகுதி இந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே. 36 பேர் இறந்தார்கள். நடமாடும் ரேடார் வண்டி அதன் காற்று வேகத்தை மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல் என்று அளந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் சாலையைச் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் சாலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சாலை போகிற திசையும் மே மாதத்தில் மேல்காற்று போகிற திசையும் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆற்றில் வெள்ளம் போகும்போது சுழி பார்த்திருப்பீர்கள். சுழி தானாகச் சுழல்கிறது, ஆனால் எங்கே போவது என்பதை ஆறுதான் முடிவு செய்கிறது. டொர்னாடோவும் அப்படித்தான். அதற்குத் தனியாக ஒரு வழி கிடையாது. தாய் மேகம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இதுவும் இழுபட்டுப் போகிறது. மேகம் எங்கே போகிறது என்றால், 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிற அந்த மேகத்தைச் சுற்றிப் பல உயரங்களில் பல விதமாக அடிக்கிற காற்றுகளின் சராசரி எதுவோ, ஏறக்குறைய அந்தப் பக்கம். குறிப்பாகத் தரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் வரைக்கும் உள்ள காற்று.

இதைப் பாடமாகப் படித்தபோது எனக்கு மண்டையில் ஏறவில்லை. ஒரு மே மாத சாயங்காலம் கொல்லையில் நின்றபோது புரிந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கொடி உண்டு. அது வடமேற்கைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தது, அதாவது தரைக்காற்று தென்கிழக்கிலிருந்து, மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டு, சட்டை முதுகில் ஒட்டும்படி வருகிறது. தலைக்கு மேல் தாழ்வாகக் கிழிந்த பஞ்சு மாதிரி மேகத் துண்டுகள் தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இடைவெளியில், எங்கோ உயரத்தில், இடிமேகத்தின் தட்டையான உச்சி மேற்கிலிருந்து கிழக்கே பரவிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் நின்று அண்ணாந்தால் மூன்று அடுக்கு, மூன்று திசை. உயரப் போகப் போகக் காற்று கடிகார முள் மாதிரி வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போகிறது. மேகத்துக்குச் சுழற்சியைக் கொடுப்பதும் இந்தத் திருப்பம்தான், அதை வடகிழக்கே தள்ளுவதும் இதே அடுக்குகள்தான். அன்று ஒன்றும் நடக்கவில்லை, மழை வடக்கே போய்விட்டது. ஆனால் அந்த மூன்று திசைகளைப் பார்த்த பிறகு எனக்கு ரேடார் படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

மேல்காற்று ஏன் தென்மேற்கிலிருந்து வருகிறது? இந்த அட்சரேகையில் உயரத்தில் பெரும்பாலும் மேற்குக் காற்றுதான், அதன் நடுவில் ஜெட் ஸ்ட்ரீம் என்கிற வேகமான ஓட்டம். அது நேர்க்கோடாக ஓடாது, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும். தெற்கே தொங்குகிற வளைவு ராக்கி மலைகளைத் தாண்டி சமவெளியை நெருங்கும்போது, அந்த வளைவுக்குக் கிழக்கே இருக்கிற ஊர்களின் மேல் காற்று தென்மேற்கிலிருந்து வடகிழக்கே ஏறும். வளைகுடாவின் ஈரத்தை உள்ளே இழுப்பதும், மேற்குப் பாலைநிலத்தின் வறண்ட காற்றை அதன் மேல் கொண்டுவந்து போடுவதும் அதே வளைவுதான். ஆக, டொர்னாடோ உருவாக என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் கூடிவருகிற நாளில் மேல்காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் இருக்கும். இது தற்செயல் இல்லை. டொர்னாடோவை உண்டாக்குகிற அமைப்பும் அதை ஓட்டிப்போகிற அமைப்பும் ஒன்றே.

அப்புறம் ஒரு நுணுக்கம். சூப்பர்செல் என்கிற சுழலும் இடிமேகம் சராசரிக் காற்றோடு அப்படியே போய்விடாது. அதன் வலப்பக்கத்தில் புதிதாகக் காற்று மேலெழுந்துகொண்டே இருப்பதால் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கும். சில நாள் ஒரே மேகம் இரண்டாகப் பிளந்து, இடப்பக்கத்துக் குட்டி வேகமாக வடக்கே ஓடிவிடும், வலப்பக்கத்தது நிதானமாகக் கிழக்கே திரும்பும். இங்கே பெரும்பாலும் டொர்னாடோ இறங்குவது அந்த நிதானமான வலப்பக்கத்து மேகத்தில்தான். ரேடாரைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள், கூட்டத்தோடு வடகிழக்கே போய்க்கொண்டிருந்த ஒரு மேகம் திடீரென்று வலப்பக்கம் திரும்பினால் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

திசை தெரிந்தால் வருகிற வரிசையும் தெரியும், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. சூப்பர்செல்லில் மழையும் ஆலங்கட்டியும் முன்னால், வடகிழக்குப் பக்கம். சுழல் பின்னால், தென்மேற்கு ஓரத்தில், ரேடாரில் கொக்கி மாதிரி வளைந்து தெரிகிற இடத்தில். மேகம் நம்மை நோக்கி வடகிழக்காக வந்தால் முதலில் மழை, பிறகு கூரையில் கல்லெறிவது போல ஆலங்கட்டி, பிறகு பல சமயம் சட்டென்று ஓர் அமைதி. மழை விட்டுவிட்டது, மேற்கே கொஞ்சம் வெளிச்சம்கூடத் தெரிகிறது. கஷ்டம் முடிந்தது என்று நினைத்துக் கார் மேல் விழுந்த ஆலங்கட்டியைப் பார்க்க வெளியே வருகிறவர்கள் உண்டு. டொர்னாடோ வருவதாக இருந்தால் வருவது அப்போதுதான்.

சேதத்திலும் திசை தெரியும். வடகோளத்தில் பெரும்பாலான டொர்னாடோ கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. சுழல் காற்று மணிக்கு 200 கிலோமீட்டர், மொத்தமாக நகர்வது 50 என்று வையுங்கள். நகரும் பாதைக்கு வலப்பக்கம் இரண்டும் கூடி 250, இடப்பக்கம் கழிந்து 150. வடகிழக்கே போகிற டொர்னாடோவுக்குத் தென்கிழக்குப் பக்கத்து வீடுகள் அதிகம் அடிபடுவது இதனால்தான். கோடையைவிடக் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் மேல்காற்று பலமாக இருப்பதால் நகரும் வேகமும் கூடும். 2023 பிப்ரவரி 26 ராத்திரி நார்மனில் இறங்கியது அந்த வகை. சைரன் கேட்டு, கதவைச் சாத்தி, என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அது கடந்து வடகிழக்கே போய்விட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருஷமாக இங்கே. சைரன் அடித்தால் வீட்டின் தென்மேற்கு மூலையில் போய் உட்கார வேண்டும் என்று அவருக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், வீடு பெயர்ந்தால் வடகிழக்கேதானே போய் விழும் என்ற கணக்கில். இந்த நம்பிக்கை பழையது. 1880-களில் ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் இருந்த ஜான் ஃபின்லி 600 டொர்னாடோக்களின் விவரத்தைத் திரட்டிப் பெரும்பாலானவை தென்மேற்கிலிருந்து வடகிழக்கே போகின்றன என்று காட்டிய காலத்திலிருந்தே இந்த மாதிரி யோசனைகள் புழங்குகின்றன. 1966 ஜூன் 8 அன்று கான்சஸின் டொபீகா நகரத்தை டொர்னாடோ குறுக்கே அறுத்துக்கொண்டு போன பிறகு, கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஈகிள்மேன் வீடு வீடாகப் பார்த்துக் கண்டறிந்தது நேர் எதிரானது. காற்று முதலில் மோதுவது தென்மேற்குச் சுவரில், வெளியிலிருந்து பறந்து வரும் மரமும் இரும்பும் குத்துவதும் அங்கேதான். அந்த மூலைதான் ஆபத்து.

டொபீகாவில் இன்னொரு நம்பிக்கையும் அன்றோடு போனது. நகரத்தின் தென்மேற்கே பர்னெட்ஸ் மவுண்ட் என்று ஒரு குன்று. டொர்னாடோ எப்படியும் அந்தப் பக்கத்திலிருந்துதானே வரும், குன்று அதைப் பிளந்துவிடும், ஊருக்குக் காவல் அது என்று பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். டொர்னாடோ அந்தக் குன்றின் மேலேயே ஏறி இறங்கி நகரத்துக்குள் வந்தது. திசையைச் சரியாகத்தான் கணித்திருந்தார்கள், ஆனால் 12 கிலோமீட்டர் உயர மேகத்துக்கு ஒரு குன்று எம்மாத்திரம்.

திசையே தவறிப்போன நாள்களும் இருக்கின்றன, அவைதான் மனதை உறுத்துகின்றன. 1990 ஆகஸ்ட் 28, இல்லினாய் மாநிலத்தின் பிளெயின்ஃபீல்ட். மேல்காற்று அன்று வடமேற்கிலிருந்து, டொர்னாடோ தென்கிழக்கே வந்தது, 29 பேர் இறந்தார்கள். 1997 மே 27, டெக்சாஸின் ஜாரல். மேல்காற்று பலவீனம், ஆனால் தரைக்கு மேல் அளவுகடந்த வெப்பமும் ஈரமும். மேகத்தை இழுத்துப்போக ஆள் இல்லாததால் அது தன் தென்மேற்கு ஓரத்திலேயே புதிது புதிதாக வளர்ந்து, டொர்னாடோவும் தென்மேற்காக, மிக மெதுவாக ஊர்ந்தது. டபுள் கிரீக் என்ற குடியிருப்பின் மேல் நிமிடக்கணக்கில் நின்று அரைத்ததில் வீடுகளின் தரைத் தளம் மட்டும் மிஞ்சியது. 27 பேர். பிறகு 2013 மே 31, எங்களுக்குப் பக்கத்தில் எல் ரீனோ. 4.2 கிலோமீட்டர் அகலம். முதலில் தென்கிழக்காகப் போய், கிழக்கே திரும்பி, வேகத்தைக் கூட்டி வடகிழக்கே வெட்டி, கடைசியில் வளைந்து சுற்றியது. டொர்னாடோக்களை வாழ்நாள் முழுவதும் அளந்த டிம் சமாராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் காரிலேயே அதில் சிக்கி இறந்தார்கள். அவர்களைவிட அதன் நடையை அறிந்தவர்கள் குறைவு.

இது அமெரிக்காவின் விதியும் இல்லை. தென்கோளத்தில், அர்ஜென்டினாவில், எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி, வடமேற்கிலிருந்து தென்கிழக்கே போவதுதான் அங்கே வழக்கம். நமக்குப் பக்கத்திலேயே வங்கதேசத்தில் சித்திரை வைகாசியில் அடிக்கிற கால்பைசாகி இடிமழையும் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே போகும். கீழே வங்கக் கடலின் ஈரம், மேலே வடமேற்கிலிருந்து இறங்குகிற வறண்ட காற்று. நாம் வாயு மூலை என்று சொல்கிற அதே மூலை. 1989 ஏப்ரல் 26 அன்று மாணிக்கஞ்ச் மாவட்டத்தின் தௌலத்பூர், சாடுரியா பகுதிகளை அழித்த டொர்னாடோவில் சுமார் 1300 பேர் இறந்தார்கள். உலகத்திலேயே அதிக உயிரைக் குடித்த டொர்னாடோ ஓக்லஹோமாவில் இல்லை, அங்கேதான்.

என் அம்மா வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் நள்ளிரவு தாண்டிக் கரையேறியபோது வீட்டில் இருந்தவர். இங்கே டொர்னாடோ எச்சரிக்கை என்று கேள்விப்பட்டால் போனில் முதல் கேள்வி, "ஏம்ப்பா, கிழக்குப் பக்கம் எல்லாம் சாத்திட்டியா?" அவருக்கு ஆபத்து என்றால் கடல் பக்கம். அது சரிதான். அந்த அட்சரேகையில் புயலைத் தள்ளுவது கிழக்குக் காற்று, மேற்கே தமிழகக் கரைக்குக் கொண்டுவருகிறது. அதே புயல் வடக்கே ஏறிவிட்டால் மேற்குக் காற்றில் மாட்டி வடகிழக்கே திரும்பும், 2019-இல் ஃபானி தமிழகத்தைப் பயமுறுத்திவிட்டு ஒடிசாவின் புரியில் ஏறி வங்கதேசம் போனது அப்படி. சுழல் எத்தனை பெரியதானாலும் இழுத்துப்போகிறவன் வேறு என்று அம்மாவிடம் சொன்னேன். அப்போது அம்மா ஒன்று சொன்னார்: "கஜா கிழக்கேயிருந்து வந்துச்சுதான், ஆனா தென்னைய முதல்ல சாய்ச்சது வாடைக்காத்து. கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு அப்புறம் தெக்கேயிருந்து அடிச்சுது." புயல் நகர்கிற திசை வேறு, காற்று அடிக்கிற திசை வேறு என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன், அவர் தோப்பில் பார்த்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் தென்மேற்கு மூலை விஷயத்தை எடுத்துச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது. போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், வாராவாரம் சோதனைக்கு அடிக்கிற சைரன் ஓய்ந்ததும், போனில் பழைய எச்சரிக்கை ஒன்றைத் திறந்து காட்டினேன். எச்சரிக்கைப் பகுதியை ஒரு கட்டமாக வரைந்திருப்பார்கள், மேகம் இருக்கும் பக்கம் குறுகலாகவும் அது போகப்போகும் பக்கம் அகலமாகவும். கீழே எந்தத் திசையில், என்ன வேகத்தில் நகர்கிறது என்று ஒரு வரி இருக்கும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார். தென்கிழக்கு என்று போட்டிருந்தது. பிறகு எழுந்து, வீட்டின் நடுவில் இருக்கிற ஜன்னல் இல்லாத சின்ன அறையைத் திறந்து, அதில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தார். நானும் கூடப் பிடித்தேன்.